மார்ட்டின் சாருடைய வலது ஷூ

ஷூ கம்பெனிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி வருடங்களில் குவாலிட்டி சூப்பர்வைசர். அதாவது அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். அப்படிப்பட்ட நான், எங்கள் கம்பெனியைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் காலில் போட்டுக்கொண்டு வந்த ஷூவை, அவர் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மெஷினில் கொடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன்.

இந்தக் கதை கம்பெனியில் இப்போதும் ஓடுகிறது. ஓட ஓட வளர்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்த பெண், "அக்கா, நீங்கதான் வெள்ளக்காரர் கால வெட்டிட்டவங்களா?" என்று கேட்டாள். இனியும் சும்மா இருந்தால் என்மேல் போலீஸ் கேஸே போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஷூ பார்க்கும் விதமும் இதில் கொஞ்சம் தெரியவரும்.

1. ஒட்டு ஷூவும் தையல் ஷூவும்

எனக்குச் சொந்த ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். அப்பா அம்மா இருவருக்கும் கரும்பு வெட்டு, களையெடுப்பு, கிடைத்த கூலி. கல்யாணமாகி ஆம்பூர் பக்கம் போனேன். அங்கே பெண்கள் எல்லாரும் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள், நானும் ஏறினேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா, "கண்டவன் செருப்ப கையால தொட்டுக்கினு திரியறியே" என்பாள். யாரும் இன்னும் போடாத செருப்பம்மா அது என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். சோறு போடும்போது என் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போடுவாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் கொடுத்த பணத்தை அதே கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் போன பிறகு ஆம்பூரில் ஹாஸ்டலில் இருந்துதான் வேலைக்குப் போனேன். கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு ஷூ கம்பெனி வருகிறது, அனுபவம் உள்ளவர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மூட்டையைக் கட்டிவிட்டேன். மேனேஜர் அன்வர் சார் வாணியம்பாடிக்காரர், நல்ல மனுஷர், எப்போதும் அவசரம். முதல் மூன்று வருடம் நாங்கள் செய்தது எல்லாம் ஒட்டு ஷூ. மேல் தோலையும் சோலையும் பசை போட்டு அழுத்தினால் முடிந்தது. சோல் தேய்ந்தால் ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அன்வர் சாருக்கு வெல்ட் ஷூ செய்ய வேண்டும் என்று ஆசை. இங்கிலாந்தில் ஆபீஸ் போகும் ஆண்கள் பரம்பரையாகப் போடும் ஷூ அது. மேல் தோலைச் சுற்றி விரல் அகலத்தில் ஒரு தோல் பட்டை வைத்துத் தைப்பார்கள். அந்தப் பட்டைக்குத்தான் வெல்ட் என்று பெயர். சோலை அந்தப் பட்டையோடு தைப்பார்கள். சோல் தேய்ந்தால் அந்தத் தையலைப் பிரித்துவிட்டு வேறு சோல் தைக்கலாம், மேல் தோலுக்கு ஒன்றும் ஆகாது. ஒழுங்காகச் செய்த ஜோடி இருபது வருடம் உழைக்கும்.

இதற்காக முப்பத்திரண்டு பெண்களை ட்ரெய்னிங் பேட்ச் என்று எடுத்தார்கள். எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பேர். அதில் ராசாத்தி என்ற பெண் வெள்ளிமலைக்கு மேலேயிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நேற்றுவரை மரவள்ளி பிடுங்கிய கை, நாலு மாதத்தில் மெஷின் போட்ட தையலும் அவள் கையால் போட்ட தையலும் ஒன்றுபோல இருக்கும்படி தைத்தது.

இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று எங்களைப் பார்க்க வருவதாக எழுதியது. அவர்கள் சரி என்றால் வெல்ட் லைன் ஓடும், முப்பத்திரண்டு பேருக்கும் வேலை நிரந்தரம். சரியில்லை என்றால் பேட்ச் கலையும். அவர்கள் மறுபடி கழனிக்கு, நான் மறுபடி ஆம்பூர் ஹாஸ்டலுக்கு. எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மறுபடி ஒரு அறையில் ஆறு பேரோடு பாய் விரிக்க உடம்பிலும் தெம்பில்லை, மனதிலும் தெம்பில்லை.

2. ஏ-யும் பி-யும்

அவர்கள் எங்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். இங்கிலாந்தில் செய்த இரண்டு ஜோடி பழைய ஷூ கூரியரில் வந்தது. ஏ, பி என்று அட்டை கட்டியிருந்தது. இரண்டையும் ஒருவர் ஒரே அளவு காலம் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். "இவற்றை ஒப்பிட்டு எது மேல், ஏன் என்று எழுதுங்கள். மூன்றாவது ஜோடியை நான் வரும்போது கொண்டுவருகிறேன்" என்று மார்ட்டின் என்பவர் எழுதியிருந்தார். நாங்கள் செய்த ஷூவைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் கண்ணைப் பார்க்க நினைத்தார் போலிருக்கிறது.

ட்ரெய்னிங் பேட்சை மேஜையைச் சுற்றி நிற்க வைத்து இரண்டையும் வைத்தேன். எது நல்லது என்று கேட்டதும் எல்லாக் கையும் ஏ பக்கம் நீண்டது. குற்றம் சொல்ல முடியாது. ஏ அத்தனை அழகு. பெயர் பெற்ற கம்பெனி, விலையும் ஜாஸ்தி. ஷூவின் மூக்கில் முகம் பார்க்கலாம். அங்குலத்துக்குப் பதினொரு தையல், ஒன்றுகூடக் கோணவில்லை. சோலின் அடியில் தையலே வெளியே தெரியவில்லை. தோலைக் கீறி, உள்ளே தைத்து, மேலே மூடியிருந்தார்கள். பி பார்க்கப் பள்ளிக்கூட வாத்தியார் ஷூ. பளபளப்பு கம்மி. சோலில் தையல் அப்படியே தெரிந்தது.

நான் ஷூ பார்க்கும் வரிசை வேறு. முதலில் இரண்டு காலையும் ஒட்டி வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பேன். குதிகால் இரண்டும் ஒரே உயரத்தில், நேராக நிற்க வேண்டும். பிறகு முன்னாலிருந்து, மூக்குப் பட்டை இரண்டு காலிலும் ஒரே இடத்தில் முடிகிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகு, விரல் மடங்கும் இடத்தில் விழுந்த சுருக்கம். புது ஷூ எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பழைய ஷூவின் சுருக்கத்தைப் பார்த்தால் எந்தத் தோல், எப்படிப்பட்ட தோல் என்று தெரிந்துவிடும்.

ஏ-யில் சுருக்கம் பெரிது பெரிதாக மடிந்து, மடிப்பின் உச்சியில் மேல்பூச்சு வெடித்திருந்தது. தோலின் மேல்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கி அதன்மேல் பெயின்ட் ஏற்றிய சரக்கு. பி-யில் சுருக்கம் நிறைய, ஆனால் பொடிப்பொடியாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, விரலில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேய்த்ததும் தோல் அதைக் குடித்துவிட்டுப் பளிச்சென்று ஆனது. ஏ-யில் அதே பாலிஷ் மேலேயே நின்றது. ராசாத்தி இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். "இது சாப்புடுது, அது துப்புதுக்கா" என்றாள். ரிப்போர்ட்டில் எழுத எனக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அன்வர் சார்தான் அதை இங்கிலீஷில் எழுத முடியாது என்று அடித்துவிட்டார்.

கடைசி வேலை வெட்டிப் பார்ப்பது. எப்போதும் வலது காலைத்தான் வெட்டுவோம், இடது கால் சாட்சிக்கு இருக்கும். வெட்டும் மெஷினை ஓட்டுவது ஏழுமலை அண்ணன். கறிக்கடையில் எலும்பு வெட்டும் வாள்போல ஓடும் பட்டை வாள். ஏ-யை வெட்டியதும் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். கால் படும் இன்சோல் அட்டை, மேலே மெல்லிய தோல் ஒட்டி மறைத்திருந்தது. அடியில் கார்க் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பாஞ்சுத் துண்டு. குதிகால் அடுக்கும் அட்டை. பி-யில் இன்சோல் மெல்லியதுதான், ஆனால் நிஜத் தோல். அடியில் கார்க் நிரவி இருந்தது. பி முதல், ஏ இரண்டாவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. பூஜை போட்ட காலை

மார்ட்டின் சார் வரும் நாளுக்காகப் புதிதாகச் சாம்பிள் ரூம் கட்டி முடித்திருந்தார்கள். அன்று காலையே பூஜை போட்டுவிடலாம் என்று முடிவானது. அன்வர் சார் இதற்கெல்லாம் குறுக்கே நிற்கமாட்டார். தேங்காய்க்கும் பூசணிக்காய்க்கும் அவரே ஆள் அனுப்பினார்.

அங்கேதான் வந்தது வினை. பூஜை நடக்கும் அறையில் செருப்பு இருக்கலாமா? எல்லாரும் வாசலில் கழற்றிவிட்டோம். உடனே ஒருத்தி, "உள்ள இருக்கற ஷூவு மட்டும் செருப்பு இல்லியாக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஷூ வைப்பதற்காகவே கட்டிய அறையிலிருந்து எல்லா ஷூவையும் வெளியே கொண்டுவந்தோம். நாங்கள் செய்த வெல்ட் சாம்பிள் இரண்டு ஜோடியைப் பெட்டியோடு ஆபீஸில் வைத்தோம். ஏ-யின் இடது காலையும் பி-யின் இடது காலையும், வெட்டிய வலது கால்களின் துண்டுகளையும் வாசலில் இருந்த ரேக்கில் வரிசையாக அடுக்கினோம். பக்கத்தில் ஒரு ஜோடிக்கு இடம் காலியாக இருந்தது. மூன்றாவது ஜோடி வந்தால் வைக்கட்டும் என்று நானேதான் விட்டேன்.

பூஜை முடிந்ததும் சுண்டலைத் தூக்கிக்கொண்டு ட்ரெய்னிங் பேட்ச் இருந்த ஷெட்டுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து மார்ட்டின் சாருடைய கார், சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் வந்துவிட்டது. அன்வர் சார் அவரை நேராகப் புது அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். மனுஷர் வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்பையும், படியில் போட்ட கோலத்தையும் பார்த்திருக்கிறார். ஊர் வழக்கத்தை மதிக்கத் தெரிந்தவர். குனிந்து கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, ரேக்கில் காலியாக இருந்த அந்த இடத்தில் நேராக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் திரும்பி வந்தேன். ரேக்கில் ஏ, பி, அடுத்து ஒரு பழுப்பு ஜோடி. பழைய ஷூ, இங்கிலாந்து ஷூ, கச்சிதமாக மூன்றாவது இடத்தில். மார்ட்டின் சார் வந்துவிட்டார், அவர் எழுதியிருந்த ஜோடியை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். ரேக்குக்கு மேலே கூரை இருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. சி என்று அட்டை எழுதிக் கட்டி ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"வெட்றதுக்கு மனசே வரலம்மா. இன்னா தோலு பாரு" என்றார்.

"உனுக்கு எதுக்குண்ணா பரிதாபம்? வெட்டு" என்றேன்.

பாதத்தின் நடுவளைவு தொய்யாமலிருக்க ஸ்டீலில் ஷேங்க் என்ற பட்டை வைத்த ஷூவில் நடுப்பகுதி வரும்போது பொறி பறக்கும். இதில் ஒரு பொறியும் இல்லை. உள்ளே மரத்தில் ஷேங்க் வைத்திருந்தார்கள். வாள் வழுக்கிக்கொண்டு போய் ஷூ சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

4. உள்ளே இருந்தது

வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான ஷூ பார்த்தவள், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இன்சோல் நாலு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே தோல். பட்டையைத் தைக்கும் விளிம்புகூட ஒட்டியது கிடையாது, அந்தத் தோலிலேயே செதுக்கி எடுத்தது. கார்க் நசுங்கிக் கல்போல இறுகியிருந்தது. சோல் தையலுக்கு மேல் பழைய தையல் ஓட்டை தெரிந்தது. எப்படியும் இரண்டு தடவை சோல் மாற்றியிருக்கிறார்கள். இன்சோலின் மேல் பக்கத்தில் குதிகாலுக்கு ஒரு பள்ளம், முன்னால் விரல் பதிந்த பள்ளங்கள். களிமண்ணில் கால் வைத்து எடுத்ததுபோல ஒரு மனிதருடைய கால் அந்தத் தோலில் இருந்தது.

சி-தான் எல்லாவற்றிலும் மேல் என்று சொல்லப் பெருமையாக உள்ளே நுழைந்தேன். அன்வர் சாருக்குப் பக்கத்தில் உயரம் குறைந்த, நரைத்த ஒருவர் நீல சாக்ஸோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். என் கண் அவர் சாக்ஸுக்குப் போனது. அவர் கண் என் கைக்கு வந்தது. அன்வர் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நிமிஷத்தை எழுத எனக்கு வரவில்லை. முப்பத்திரண்டு பேரின் வேலையையும் நான் பட்டை வாளில் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

மார்ட்டின் சார் எழுந்து வந்து இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு அன்வர் சாரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ, பதினேழு வருடம் ஆகிறது, உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கத் தனக்கும் ஆசைதான், வெட்டத்தான் மனம் வரவில்லை என்று சொன்னதாக அன்வர் சார் சொன்னார். மார்ட்டின் சார் சிரிக்கத்தான் பார்த்தார், பாவம், முழுச் சிரிப்பு வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

5. நான் கையெழுத்துப் போட்ட அட்டை

இப்போது அவர் காலுக்கு ஷூ இல்லை. அவர் கொண்டுவந்த நிஜமான சி ஜோடி காரில் பெட்டிக்குள் இருந்தது, ஏ, பி போலவே பத்தாம் நம்பர். அவர் காலோ எட்டு. அன்வர் சார் முகம் மலர்ந்துவிட்டது. எந்தக் கம்பெனியிலும் சாம்பிள் செய்வது எட்டாம் நம்பர் கால் அச்சுக் கட்டையில்தான். ஆபீஸிலிருந்து எங்கள் வெல்ட் சாம்பிளில் ஒரு ஜோடியை எடுத்துவரச் சொல்லி அவரே குனிந்து போட்டுவிட்டார். மார்ட்டின் சார் நாலு அடி நடந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். இன்னும் மூன்று நாள் இந்தப் பக்கம்தான் இருப்பதாகவும், மறுநாள் கல்வராயன் மலைக்குப் போய் அருவி பார்க்கப் போவதாகவும், இதையே போட்டுக்கொண்டு போவதாகவும் சொன்னார். மலையில் அப்போது தினமும் மழை.

அந்த ஷூ மழையில் இறங்கக் கூடாது. காரணம் எனக்கும் அன்வர் சாருக்கும் மட்டும்தான் தெரியும். அந்தச் சாம்பிள் செய்தபோது ராணிப்பேட்டையிலிருந்து வர வேண்டிய இன்சோல் தோல் வரவில்லை. தேதி நெருங்கிவிட்டது, சாம்பிள்தானே, பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள் என்று அட்டை இன்சோல் வைத்து மேலே தோலால் மூடினோம். என்னென்ன பொருள் போட்டது என்று எழுதிக் கூடவே வைத்த ஸ்பெக் அட்டையில் லெதர் இன்சோல் என்று எழுதியிருந்தது. அதன் கீழே இருந்தது என் கையெழுத்து. ஏ-யைப் பார்த்து நான் முகம் சுளித்த அதே வேலையை நானே செய்திருந்தேன்.

அன்வர் சாரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"மூணு நாள்ல ஒண்ணும் ஆவாது, தனம். வாய மூடிக்கினு இரு" என்றார். பிறகு, "எனுக்கு மட்டும் புடிச்சிப் போயா செஞ்சேன்? அந்தப் பொண்ணுங்க மூஞ்சியப் பாரு" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அவருக்கு மேலேயிருந்து எத்தனை போன் வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் விஷயம் தெரியாமல் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். அட்டை நனைந்தால் ஊறும், காய்ந்தால் சுருளும். மூன்று நாள் தாங்கினாலும் தாங்கும். ஆனால் ஆர்டர் கிடைத்து, அடுத்த வருடம் யாராவது எங்கள் ஷூவை ஒரு மேஜையில் வைத்து வெட்டுவார்கள். அன்றைக்கு அங்கே நிற்கும் பெண்களின் கண்ணில் நாங்கள் ஏ-யாக இருப்போம். அதை நினைத்ததும் கால் தானாக நடந்தது.

இரண்டாவது சாம்பிள் ஜோடியின் வலது காலை எடுத்துக்கொண்டு ஏழுமலை அண்ணனிடம் போனேன். அவர் மெஷினைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

"இது யாரு காலுதுன்னு மொதல்ல கேட்டுக்கினு வாம்மா" என்றார்.

"நம்மளுதுதாண்ணா. நம்பி வெட்டு."

இந்தத் தடவை பொறி பறந்தது. துண்டுகளைக் கொண்டுபோய் மார்ட்டின் சார் முன்னால் மேஜையில், அவருடைய துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே ஸ்பெக் அட்டையை வைத்து என் கையெழுத்தில் விரலை வைத்துக் காட்டினேன். என் இங்கிலீஷுக்கு அதற்கு மேல் வழியில்லை. "சார், ஏ, பி ரிப்போர்ட் கரெக்ட். இது ராங்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அன்வர் சார் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மார்ட்டின் சார் அட்டை இன்சோலின் விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, போட்டிருந்த எங்கள் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கழற்றி மேஜைக்கு அடியில் ஓரமாக வைத்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதையே தோல் இன்சோல் வைத்துச் செய்ய எத்தனை நாள் வேண்டும்? மூன்று விரலைக் காட்டினேன். அவர் நாலு விரலைக் காட்டி, கையை விமானம்போல மேலே தூக்கினார். நாலாம் நாள் அவருக்குச் சென்னையில் ஃப்ளைட்.

6. மூன்று நாள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி அவருக்கு ரப்பர் செருப்பு வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போனார். கட்டைவிரல் பக்கம் வார் அறுத்துப் புண்ணாகி, மலைத்தேன் ஒரு பாட்டிலோடு திரும்பி வந்தார். மழைக்கு ரப்பர் செருப்புதான் நல்லது என்று வேறு சொன்னாராம்.

இங்கே நாங்கள் மூச்சுவிடவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து மறுநாள் காலை பஸ்ஸில் தோல் பார்சல் வந்தது. மேல்பாகம் தைத்து முடித்த ஜோடி ஒன்று கையிருப்பில் இருந்ததால் பிழைத்தோம். இன்சோலை நானே வெட்டினேன். முதுகுப் பகுதித் தோலாகப் பார்த்து எடுத்தேன், வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும். விளிம்பை ஒட்டாமல், அவர் ஷூவில் இருந்ததுபோலத் தோலிலேயே செதுக்கிப் பார்க்கலாமா என்று ராசாத்தி கேட்டாள். மெஷினுக்கு அது ஒத்துவராது, கையால்தான் தைக்க வேண்டும் என்றேன். கை இருக்கிறதே என்றாள். வெட்டிய ஷூவை முன்னால் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒன்றரை நாள் தைத்தாள். பதினேழு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் யாரோ செய்த வேலையை, அந்த ஆள் முகம் தெரியாமலே, அவள் படித்துக்கொண்டாள். நான் வெட்டாமல் இருந்திருந்தால் அது எங்களுக்குத் தெரிந்திருக்காது. இதைத் தப்புக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. தப்பு தப்புதான்.

நாலாம் நாள் காலை அவர் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். குதிகால் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். நடக்க நடக்கச் சரியாகும் என்று அன்வர் சார் சொன்னார். வெட்டிய துண்டுகளை அவர் கேட்கவில்லை. சாம்பிள் ரூமில் இருக்கட்டும் என்று இடது காலையும் எங்களிடமே விட்டுப் போனார். போகும்போது மெஷினுக்கு மேலே ஏழுமலை அண்ணன் புதிதாக எழுதி மாட்டியிருந்த பலகையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "கேட்காமல் வெட்டக் கூடாது" என்று இருந்தது. அர்த்தம் சொன்னதும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஆர்டர் வர ஐந்து வாரம் ஆனது. பெரிய ஆர்டர் இல்லை. பேட்சில் பாதிப் பேருக்கு அந்த வருடமும் மீதி இருந்தவர்களுக்கு அடுத்த வருடமும் வேலை நிரந்தரமானது. இடையில் மூன்று பேர் காத்திருக்க முடியாமல் போய்விட்டார்கள், அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். அன்வர் சார் என்னிடம் பதினைந்து நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு அவராகவே இன்சோல் தோல் வந்தால் முதல் கட்டு என் மேஜைக்கு வரும்படி உத்தரவு போட்டார். ராசாத்தி இப்போது கைத்தையல் பிரிவுக்கு இன்சார்ஜ். அம்மா கடைசிவரை என் கையைப் பார்த்துவிட்டுத்தான் சோறு போட்டாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் இங்கிலாந்திலிருந்து ஒரு பார்சல் என் பெயருக்கு வந்தது. உள்ளே அந்த ஜோடி. சோல் நன்றாகத் தேய்ந்திருந்தது, புது சோல் போட்டு அனுப்பச் சொல்லி அன்வர் சாருக்கு மெயில் வந்திருந்தது. வலது கால் ஷூவில் மட்டும் ஒரு அட்டை கட்டியிருந்தது. அதில் யாரோ கோலம் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்த தமிழ்: வெட்டக் கூடாது.

ஏழுமலை அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மெஷினே நின்றுவிட்டது.

புதிதாகக் குவாலிட்டிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அடுத்தவர் ஷூவில் குறை காணும் கண் சீக்கிரம் வந்துவிடும். அதே வாளில் முதலில் உங்கள் ஷூவை வெட்டிப் பாருங்கள். வெட்டும் முன்னால் வாசலில் யாராவது சாக்ஸோடு நிற்கிறார்களா என்றும் பாருங்கள்.

பார்சல் வந்த அன்றைக்கு அந்த வலது ஷூவுக்குள் கையை விட்டேன். கதகதப்பு இல்லை, ஏழு கடல் தாண்டி வந்த ஷூ. விரலால் தடவிக்கொண்டே முன்னால் போனேன். குதிகாலுக்கு ஒரு பள்ளம் இருந்தது. முன்னால், ராசாத்தி தைத்த தோலில், ஐந்து விரலும் பதிந்திருந்தன.